12 வோல்ட் குளிர்

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிப் பாலைகளுக்கு முகாமிடக் கிளம்பும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பின்கதவைத் திறந்தால், மேல்மூடி வைத்த பெட்டி ஃபிரிட்ஜ் ஒன்று அநேகமாகக் கண்ணில் படும். நாற்பது, ஐம்பது லிட்டர் கொள்ளும். இழுத்தால் வெளியே வரும் இரும்புச் சட்டத்தில் அதைப் பொருத்தியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு வயர் வண்டியின் பேட்டரிக்குப் போகும். இஞ்சினை நிறுத்திவிட்டு இரவெல்லாம் தூங்கி, காலையில் சாவியைத் திருப்பினால் வண்டியும் கிளம்பும், பாலும் கெட்டிருக்காது. இந்த இரண்டும் ஒருசேர நடப்பதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. எப்படி நடந்தது என்று கேட்டால் பொதுவாகக் கிடைக்கும் பதில், பேட்டரி வளர்ந்தது, அதனால் ஃபிரிட்ஜ் வந்தது என்பதுதான். முதலில் ஈய பேட்டரி, அப்புறம் இரண்டாவது பேட்டரி, அப்புறம் சோலார், லித்தியம் என்று மின்சாரம் பெருகிப் பெருகி ஒருநாள் குளிர்ப்பெட்டிக்கும் எட்டிவிட்டது என்கிற கதை கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் விஷயம் தலைகீழ். பேட்டரி நின்ற இடத்திலேயே ஏறக்குறைய நின்றது. பெட்டியின் பசிதான் இறங்கி வந்தது.

மின்சாரமே இல்லாத காலத்திலிருந்து தொடங்குவது நல்லது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியில் 1892இல் தங்கம் கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வறண்ட நிலத்தில் கூடாரம் போட்டார்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். இறைச்சி அன்றைக்கே நாறும். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அங்கே பிறந்தது கூல்கார்டி சேஃப் என்ற அலமாரி. ஆர்தர் மெக்கார்மிக் என்பவர் செய்தது என்று சொல்வார்கள். மரச்சட்டத்தைச் சுற்றிக் கோணிச் சாக்கு, தலைமேல் தகரத் தட்டு நிறையத் தண்ணீர். தட்டிலிருந்து கம்பளித் துணிப்பட்டைகள் தொங்கிக் கோணியைத் தொட்டுக்கொண்டிருக்கும். தண்ணீர் துணிவழியே இறங்கிக் கோணியை நனைக்க, காற்று அதை உலர்த்த, உள்ளே இருக்கும் வெண்ணெய் உருகாமல் நிற்கும். எறும்பு ஏறாமலிருக்க நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய டப்பாக்களில் வைத்தார்கள். நம் மண்பானை குளிர்வதும் இதே ஆவியாதலால்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 7 கிலோ பனிக்கட்டி உருகினால்தான் அவ்வளவு வெப்பம் போகும். எரிபொருள் செலவு சுத்தமாக இல்லை. ஆனால் அந்த ஊரில் தண்ணீரே விலைப் பொருளாக இருந்தது. உப்புநீரைக் காய்ச்சி வடித்து விற்றார்கள். பெர்த் பக்கத்து மண்டாரிங் அணையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, 1903இல்தான் நன்னீர் தங்கவயல்களுக்கு வந்து சேர்ந்தது. போதாக்குறைக்கு, ஈரக்காற்று வீசும் கடற்கரையில் இந்த அலமாரி உதவாது. வறண்ட காற்றிலும்கூட ஓர் அளவுக்குக் கீழே குளிர் இறங்காது. ஒரு வாரத்துக்கு இறைச்சி வைக்க முடியாது. ஆனாலும் உட்பகுதியில் குளிரின் முதல் பாடம் இந்தக் கோணி அலமாரிதான்: கையில் இருக்கிற கொஞ்சத்தை எப்படிச் செலவழிப்பது என்பது.

அதே நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவில் பெரிய குளிர் தாராளமாகக் கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது. சென்னைத் திருவல்லிக்கேணியின் ஐஸ் ஹவுஸுக்கு வந்த மாதிரியே பாஸ்டன் ஏரிகளின் பனிக்கட்டி கப்பலேறி மெல்போர்னுக்கும் வந்தது. அதை விரட்டியவர்களில் ஒருவர் ஜீலாங் நகரப் பத்திரிகை ஆசிரியர் ஜேம்ஸ் ஹாரிசன். ஈதர் ஆவியை அழுத்தி, குளிரவைத்து, மறுபடி விரியவிட்டுப் பனிக்கட்டி செய்யும் இயந்திரத்தை 1850களில் ஓட்டிக் காட்டினார். இன்றைக்கு எல்லா ஃபிரிட்ஜும் அடிப்படையில் அந்தச் சுழற்சிதான். 1873இல் உறைந்த இறைச்சியைக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பப் பார்த்து அவர் நொடித்துப்போனார். ஆனால் 1880இல் ஸ்ட்ராத்லெவன் என்ற கப்பல் ஆஸ்திரேலிய இறைச்சியை உறைந்தபடியே லண்டனில் இறக்கிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாதி உலகம் தாண்டி லண்டன்காரர் புது இறைச்சி சாப்பிட, அந்த மாட்டை மேய்த்து ஓட்டிவந்தவர் உப்புக்கண்டத்தைத்தான் மென்றுகொண்டிருந்தார். குளிர்ச்சியில் பெரிதாகச் செய்வது சுலபம், சின்னதாகச் செய்வதுதான் கஷ்டம். கப்பலின் குளிரறைக்கு உள்ளளவு அதிகம், அதோடு ஒப்பிட்டால் சுவர்ப்பரப்பு குறைவு. வெப்பம் நுழைவது சுவர் வழியாகத்தான். பெட்டி சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கிலோ உணவுக்கும் கசிந்து வரும் வெப்பம் கூடிக்கொண்டே போகும். கப்பலில் நீராவி இஞ்சின் வேறு ஓயாமல் ஓடுகிறது. வண்டியின் பின்னால் வைக்கும் 40 லிட்டர் பெட்டி குளிர்சாதனக் கலையின் கடைசிப் பரீட்சை. அதனால்தான் கடைசியில் தேறியது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பேட்டரியும் வேண்டாம், கம்ப்ரசரும் வேண்டாம் என்று இந்தப் பரீட்சையை முன்பே ஒருவர் எழுதித் தேறவில்லையா? ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களான பால்ட்ஸர் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்டெர்ஸும் 1922இல் செய்த ஃபிரிட்ஜில் அசையும் பாகமே கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் அடைத்த குழாய்களின் அடியில் ஒரு சுடரை வைத்தால் போதும், மேலே குளிரும். எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை வாங்கி உலகெங்கும் விற்றது. சிட்னியில் எட்வர்ட் ஹால்ஸ்ட்ராமும் மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜைச் செய்து, அதில் சம்பாதித்துப் பெரும் கொடையாளியானார். மின்கம்பி எட்டாத பண்ணை வீடுகளில் வெண்ணெயையும் மருந்தையும் காப்பாற்றியது இந்தச் சுடர்தான். அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. ஆனால் அது வீட்டுக்கான ஃபிரிட்ஜ். குழாய்களுக்குள் திரவம் தன் எடையால் இறங்கி வரவேண்டும். பெட்டி சாய்ந்து நின்றால் சுழற்சி நின்றுவிடும். திரி சரியாக வெட்டியிருக்க வேண்டும், காற்று மோதக் கூடாது. மேடும் பள்ளமுமாக அலையலையாய்க் கிடக்கும் மண்சாலையில் வண்டி குலுங்கிக்கொண்டு போகும்போது சுடரை ஏற்றிவைத்துக்கொண்டு போவதென்பது யோசிக்கவே முடியாதது. வெயில் உச்சத்துக்குப் போனாலும் அதன் குளிர்ச்சி தளர்ந்துவிடும். எந்த நேரத்தில் குளிர் அதிகம் வேண்டுமோ அந்த நேரத்தில்தான் அது கைவிடும்.

என் வாதத்துக்கு முக்கியமான சாட்சி இந்த ஃபிரிட்ஜின் அடுத்த பிறவி. கேரவன் வண்டிகளுக்காக இதையே மூன்று வழியில் ஓடுமாறு செய்தார்கள்: சமையல் வாயு, வீட்டு மின்சாரம், காரின் 12 வோல்ட். சுடர் இருந்த இடத்தில் ஒரு சூடேற்றும் கம்பி. காரின் பேட்டரியில் ஃபிரிட்ஜ் ஓட்டுவது என்பது பரவலாகத் தொடங்கியது இப்படித்தான். அந்தக் கம்பி 10 ஆம்பியருக்குக் குறையாமல், சில மாடல்களில் 15 ஆம்பியர்கூட, நிறுத்தாமல் இழுக்கும். பத்து என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு 240 ஆம்பியர்-மணி. சாதாரணக் கார் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 60, 70 ஆம்பியர்-மணிதான். சாயங்காலம் ஏழு மணிக்கு இஞ்சினை நிறுத்தினால் நள்ளிரவு தாண்டுவதற்குள் பேட்டரி இறங்கிவிடும். காலையில் செல்ஃப் எடுக்காது. அதனால் தயாரித்தவர்களே, வண்டி ஓடும்போது மட்டும் 12 வோல்ட்டில் போடுங்கள், நிறுத்தியதும் வாயுவுக்கு மாற்றிவிடுங்கள் என்று எழுதிவைத்தார்கள். பேட்டரி வளர்வதற்காகக் காத்திருந்திருந்தால் இந்தக் கணக்குக்கு நான்கைந்து பேட்டரிகளைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்திருக்கும், ஒவ்வொன்றும் பதினைந்து கிலோவுக்கு மேல்.

பேட்டரி ஏன் வளரவில்லை? அது வேறொரு வேலைக்காகப் பிறந்தது. கஸ்தோன் பிளாந்தே 1859இல் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் தோய்த்து, மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கும் பேட்டரியைச் செய்தார். 1881இல் கமில் ஃபோர் ஈயக் கூழைத் தகட்டில் பூசி அதன் கொள்ளளவைக் கூட்டினார். 1912 மாடல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரை வைத்ததும் காருக்கு இந்தப் பேட்டரி கட்டாயமாயிற்று. அதன் குணமும் அதற்கேற்ப வார்க்கப்பட்டது. சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரேயடியாகக் கக்கவேண்டும். அதற்கு மெல்லிய தகடுகள் நிறைய வேண்டும். அப்படிக் கக்கினாலும் மொத்தத்தில் செலவாவது மிகக் கொஞ்சம், இஞ்சின் கிளம்பியதும் அதுவும் நிரம்பிவிடும். இந்த மெல்லிய தகடுகளை அடியாழம் வரை இறக்கி ஏற்றிக்கொண்டே இருந்தால் பூசிய கூழ் உதிர்ந்து அடியில் மண்டும். சில பத்துத் தடவைகளில் பேட்டரி செத்துவிடும். மெதுவாக, நெடுநேரம் கொடுக்கவேண்டிய வேலைக்குத் தடித்த தகடு வேண்டும். மின்வெட்டுக்குப் பழகிய தமிழ்நாட்டு வீடுகளில் இன்வெர்ட்டருக்குக் கார் பேட்டரி வைக்காமல் டியூபுலர் பேட்டரி வாங்கி வைப்பதன் காரணமும் இதுவே. தடித்த தகட்டுப் பேட்டரிகளும் புதிதல்ல. மின்சாரத்தில் ஓடும் சுமைவண்டிகளுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இருந்தன. ஆக, வேதியியலில் 1910களில் இருந்ததுதான் 1980களிலும் இருந்தது. பராமரிப்பு குறைந்தது, உறை எபோனைட்டிலிருந்து பிளாஸ்டிக் ஆயிற்று, ஒரு கிலோ ஈயத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கொள்ளளவு கிடைத்தது. அவ்வளவுதான்.

இதற்கு எதிராக ஆல்டர்நேட்டரைச் சொல்வார்கள். அது நியாயமான மறுப்புதான். 1950களில் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. 1960களில் பழைய டைனமோ போய் ஆல்டர்நேட்டர் வந்தது. டைனமோ மெதுவான ஓட்டத்தில் எதுவும் தராது, இரவில் ஹெட்லைட் போட்டாலே மூச்சுவாங்கும். ஆல்டர்நேட்டர் இஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் ஏற்றும். ஆனால் முகாமில் இஞ்சின் ஓடுவதில்லை. முகாமிடுகிறவரின் கேள்வி, ஓடும்போது எவ்வளவு வருகிறது என்பதல்ல. நின்றபின் எத்தனை மணிநேரம் தாங்கும் என்பது. அதற்கு ஆல்டர்நேட்டரிடம் பதில் இல்லை. அது பெரிதாகியிருந்தாலும் ஈய பேட்டரி தன் வேகத்துக்குத்தான் வாங்கிக்கொள்ளும்; கடைசி இருபது சதவீதம் ஏற மணிக்கணக்காகும்.

பதில் ஜப்பானிலிருந்து வந்தது, பெட்டியின் பக்கமிருந்து வந்தது. வீட்டு ஃபிரிட்ஜின் கம்ப்ரசரில் இருப்பது மாறுமின்சாரத்தில் சுழலும் மோட்டார். கிளம்பும் நொடியில் அது வழக்கத்தைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை உறிஞ்சும். அந்த உதறலைத்தான் சின்ன பேட்டரி தாங்காது. சவாஃபூஜி நிறுவனம் 1960களில் எங்கெல் என்ற பெயரில் கொண்டுவந்த பெட்டியில் சுழலும் மோட்டாரே இல்லை. மின்காந்தம் ஒன்று பிஸ்டனை நேரடியாக முன்னும் பின்னும் அசைக்கிறது. அசையும் பாகம் அந்த ஒன்றுதான். கிளம்பும் உதறல் கிடையாது, சாய்ந்த வண்டியிலும் வேலை செய்யும், குலுங்கினாலும் பழுதாவது அபூர்வம். ஆஸ்திரேலியப் பாலைவழிகளில் அந்தப் பெயர் ஊன்றிக்கொண்டதில் வியப்பில்லை. இன்னொரு வழி டென்மார்க்கின் டான்ஃபாஸ் எடுத்தது. அதில் மோட்டார் சுழலும், ஆனால் கரித்துண்டு இல்லாத நேர்மின் மோட்டார். கூடவே ஓர் எலக்ட்ரானிக் பெட்டி. அந்தப் பெட்டி மோட்டாரை மெள்ளக் கிளப்பும், தேவைக்கேற்ற வேகத்தில் ஓட்டும், பேட்டரியின் வோல்ட்டேஜையும் பார்த்துக்கொண்டே இருக்கும். தொழிற்சாலை அமைப்பில் 10.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அந்த அளவுக்கு இறங்கிய பேட்டரியால் வண்டியைக் கிளப்ப முடியாது என்பதால், இன்னும் மேலேயே நிறுத்திக்கொள்ளும்படி மாற்றிவைக்கவும் வழி கொடுத்தார்கள். ஒரு ஃபிரிட்ஜ் தனக்கு மின்சாரம் கொடுப்பவரின் மறுநாள் நிலைமையையும் யோசிப்பது சாதாரண விஷயமல்ல. இரண்டு வகையும் ஓடும்போது இழுப்பது மூன்று, நான்கு ஆம்பியர் வாக்கில்தான். அதுவும் விட்டுவிட்டு.

விட்டுவிட்டு ஓடினால் போதும் என்கிற நிலையைக் கொடுத்தது சுவர். குளிர்சாதன வரலாற்றை எழுதுகிறவர்கள் இயந்திரத்தைக் கொண்டாடிவிட்டுச் சுவரை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது குறையாகவே படுகிறது. பழைய பெட்டிகளில் தக்கைமரப் பட்டையோ கண்ணாடி நாரோ அடைத்திருந்தார்கள். 1937இல் ஒட்டோ பாயர் உருவாக்கிய பாலியூரித்தேனிலிருந்து பிற்காலத்தில் இறுகிய நுரை செய்யக் கற்றார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஊற்றினால் பொங்கி, மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து, இறுகிப் பெட்டிக்கே பலமாகிவிடும். அதே தடிமனில் கண்ணாடி நாரைவிட ஏறக்குறையப் பாதி வெப்பத்தையே உள்ளே விடும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 40 லிட்டர் பெட்டி, சுவர் 4 சென்டிமீட்டர் நுரை, சுற்றுப்பரப்பு சுமார் ஒரு சதுர மீட்டர். வெளியே 35 டிகிரி, உள்ளே 4 டிகிரி. சுவர் வழியாக நுழையும் வெப்பம் 16 முதல் 18 வாட். ஒரு சின்ன இரவு விளக்கின் அளவு. மூடியைத் திறந்து மூடுவது, வெதுவெதுப்பான பாட்டிலை உள்ளே வைப்பது எல்லாம் சேர்த்து 25 வாட் என்போம். நல்ல சிறு கம்ப்ரசர் ஒரு பங்கு மின்சாரத்தில் ஒன்றரைப் பங்கு வெப்பத்தை வெளியே தள்ளும். ஆகத் தேவைப்படுவது சராசரியாக 17 வாட்; 12 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியருக்கும் குறைவு. ஒரு நாளைக்கு 30, 35 ஆம்பியர்-மணி. மூன்று வழி ஃபிரிட்ஜின் 240ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேவை ஏழில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. அதே இடைவெளியில் ஈய பேட்டரி இரண்டு மடங்காகக்கூட ஆகவில்லை. காலையில் செல்ஃப் எடுக்கும் அளவுக்கு மிச்சம் வைத்தது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

குளிர்ப்பெட்டியே ஆடம்பரம், பனிக்கட்டி போதாதா என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்கு பதில் சொல்லும். 1950களில் சிட்னியின் மாலீஸ் நிறுவனம் எஸ்கி என்ற தகரப் பெட்டியை விற்கத் தொடங்கியது; சீக்கிரமே வீட்டுக்கு வீடு அது இருந்தது. இரண்டு நாள் கடற்கரைப் பயணத்துக்கு இன்றும் அது போதும், அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. 10 கிலோ பனிக்கட்டி உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம் 930 வாட்-மணி. ஆயுள் கெடாதிருக்க 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தால் கிடைப்பது 600 வாட்-மணி. அதைக் கொண்டு கம்ப்ரசர் 900 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்றும். ஆக ஏறக்குறைய முப்பது கிலோ எடையுள்ள ஒரு பேட்டரியின் பாதிச் சார்ஜ் 10 கிலோ பனிக்கட்டிக்குச் சமம். முதல் பார்வையில் பனிக்கட்டிதான் கெட்டிக்காரத்தனம். வித்தியாசம் மூன்றாம் நாளில் தெரியும். வண்டி சில மணிநேரம் ஓடினால் பேட்டரி நிரம்பிவிடும். உருகிய பனிக்கட்டியை நிரப்ப ஊர் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் விலூனாவுக்கும் ஹால்ஸ் கிரீக்குக்கும் நடுவே கேனிங் மாட்டுவழி 1,800 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. ஆல்ஃபிரெட் கேனிங் 1906, 1907இல் அளந்து, 1910 வரை கிணறு கிணறாக வெட்டிய பாதை அது. மோட்டார் வண்டியில் அதை முழுக்கக் கடந்தது 1968இல்தான். மணல்மேடுகளைத் தாண்டித் தாண்டி இரண்டு, மூன்று வாரம் போகவேண்டிய அந்தப் பாதையில் பனிக்கட்டி முதல் வாரத்தைத் தாண்டாது. உருகிய தண்ணீர் ரொட்டியையும் இறைச்சியையும் ஊறவைத்துப் பாழாக்குவது தனி. கம்ப்ரசர் பெட்டி வரும்வரை அப்படிப் போனவர்கள் டப்பா உணவையும் மாவையும் நம்பித்தான் போனார்கள்.

இரண்டாவது பேட்டரி வந்ததை மின்சாரம் பெருகியதற்கு அடையாளமாகக் காட்டுவது வழக்கம். அதை நான் கணக்குப் பிரிப்பு என்பேன். ஒரே பேட்டரியில் ஃபிரிட்ஜையும் ஓட்டி வண்டியையும் கிளப்பினால், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஃபிரிட்ஜ் ஸ்டார்ட்டரின் பங்கைத் தின்றுவிடும். படகுகளில் இரண்டு பேட்டரிகளைப் பிரித்துவைப்பது பழைய பழக்கம். தரைவண்டிக்கும் அது வந்தது. முதலில் கையால் திருப்பும் சுவிட்ச், அதை மறந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும். பிறகு வோல்ட்டேஜைப் பார்த்துத் தானே சேர்ந்து தானே பிரியும் ரிலே: இஞ்சின் ஓடி 13 வோல்ட்டைத் தாண்டினால் இணைக்கும், 12.7 வாக்கில் இறங்கினால் துண்டிக்கும். இந்த ஏற்பாடு நடப்பதும் நடக்காததும் வயரின் தடிமனில் இருக்கிறது. பானெட்டிலிருந்து பின்கதவு வரை ஐந்து மீட்டர் என்றால் போகவர பத்து மீட்டர். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் வயரில் 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். பேட்டரியில் போதுமான சார்ஜ் இருந்தும், பெட்டிக்கு வந்துசேரும் வோல்ட்டேஜைப் பார்த்து கம்ப்ரசர் காலி என்று முடிவுகட்டி நின்றுவிடும். நின்றதும் வோல்ட்டேஜ் ஏறும், மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். எட்டுச் சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு பத்தில் ஒரு வோல்ட். இதில் ஆஸ்திரேலியக் கடைகளில் ஒரு பொறி உண்டு. வண்டிகளுக்கு விற்கும் வயரில் 6 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பது மேலுறையோடு சேர்த்த குறுக்களவு. உள்ளே செம்பு நாலரைச் சதுர மில்லிமீட்டர்தான் இருக்கும். ஃபிரிட்ஜ் சரியில்லை, பேட்டரி சரியில்லை என்ற புகார்களில் பல, சிகரெட் லைட்டர் துளையிலும் அதற்குப் போகும் மெல்லிய வயரிலும் போய் முடியும். இன்னொரு பேட்டரி வாங்குவதைவிடத் தடித்த வயர் மலிவு என்பது இந்தத் தொழிலில் பழைய ஞானம்.

லித்தியத்தையும் சோலாரையும் இவ்வளவு நேரம் ஒத்திப்போட்டதற்குக் காரணம், அவை கதைக்குள் தாமதமாக வந்தவை. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை ஜான் குட்எனஃப் குழுவினர் டெக்ஸாஸில் அறிவித்ததே 1997 வாக்கில்; முகாம் வண்டிகளில் அது சகஜமானது 2010களில். அதற்குள் கம்ப்ரசர் பெட்டிகள் பாலைவழிகளில் ஒரு தலைமுறை ஓடிமுடித்திருந்தன. சோலார் தகடும் அப்படியே. 100 வாட் தகடு நல்ல வெயில் நாளில் முப்பது ஆம்பியர்-மணியைப் பேட்டரிக்குக் கொடுக்கும். ஃபிரிட்ஜின் ஒருநாள் சாப்பாடும் அவ்வளவுதான் என்பதால் ஒரே தகட்டில் காரியம் முடிகிறது. 240 வேண்டியிருந்தால் எட்டுத் தகடுகளை வண்டிமேல் கட்டவேண்டும், கூரையில் இடமிருக்காது. சோலார் ஃபிரிட்ஜை ஓட்டுகிறது என்பது உண்மை. ஓட்டக்கூடிய அளவுக்கு ஃபிரிட்ஜ் முன்பே இளைத்திருந்தது என்பது அதற்கு முந்தைய உண்மை. புதிய வண்டிகளின் ஆல்டர்நேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த, ஸ்டார்ட்டர் பேட்டரி நிரம்பியதும் வோல்ட்டேஜைத் தானே தாழ்த்திக்கொள்கிறது. பழைய ரிலேக்கள் அதைப் பார்த்து இஞ்சின் நின்றுவிட்டதாக நினைத்துத் துண்டித்துவிடுகின்றன. இதற்காகவே நடுவில் வோல்ட்டேஜை உயர்த்திக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வந்தது. மின்சாரம் தரும் பக்கம் எப்போதும் முன்னேறிக்கொண்டுதான் போனது என்கிற நினைப்பை இந்த ஒரு விஷயமே கலைத்துவிடும்.

தேவையைக் குறைப்பதுதான் வழி என்பதற்கு முகாம் உலகத்துக்கு வெளியிலிருந்தும் ஒரு சான்று உண்டு. தடுப்பூசி வைக்க, மின்சாரம் இல்லாத ஊர்களுக்கு சோலாரும் ஈய பேட்டரியும் சேர்ந்த ஃபிரிட்ஜ்களை அனுப்பிப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் பேட்டரி செத்தது, மாற்ற ஆளில்லை, ஃபிரிட்ஜ் அலமாரியாயிற்று. 2000களின் தொடக்கத்தில் யுனிசெஃப், உலகச் சுகாதார நிறுவனம், கிரீன்பீஸ் முதலியவை சேர்ந்து நடத்திய சோலார்சில் திட்டத்தில் பேட்டரியையே எடுத்துவிட்டார்கள். வெயில் இருக்கும்போது நேர்மின் கம்ப்ரசர் சுவருக்குள் இருக்கும் தண்ணீரைப் பனிக்கட்டியாக்கும். இரவில் தடித்த நுரைச்சுவரும் அந்தப் பனிக்கட்டியும் பார்த்துக்கொள்ளும். முகாம் பெட்டிகளில் இருக்கும் அதே வம்சத்துக் கம்ப்ரசர்தான் அதிலும். சுவர் போதுமான அளவு நல்லதாக இருந்தால் பேட்டரி இல்லாமலே முடியும் என்றால், முகாம் ஃபிரிட்ஜின் கதையில் பேட்டரிக்கு முதல் இடம் கொடுப்பது பொருந்தாது.

ஆனால் இந்த வாதம் இன்றைய வண்டிகளுக்கு முழுதாகப் பொருந்துமா என்று கேட்டால், பொருந்தாது. அது 2010கள் வரைக்குமான வரலாறு. லித்தியத்தில் எண்பது சதவீதத்தைப் பயமில்லாமல் செலவழிக்கலாம், எடையும் ஈயத்தில் பாதிக்குக் கீழே. அந்த மிச்சம் ஃபிரிட்ஜுக்குப் போகவில்லை, ஃபிரிட்ஜுக்கு அது தேவையுமில்லை. இரண்டாவது பெட்டி ஃப்ரீஸராக வந்தது. பிறகு இன்வெர்ட்டர், காபி மெஷின், இன்டக்‌ஷன் அடுப்பு, சில கேரவன்களில் ஏசியே வந்துவிட்டது. 200, 300, 400 ஆம்பியர்-மணி என்று பேட்டரி வங்கிகள் பெருத்தன. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து வெளியிடும் கேரவன் மின்சாரத் தரவிதி 2022இல் திருத்தப்பட்டபோது, லித்தியம் பேட்டரியை ஆட்கள் தங்கும் பகுதியிலிருந்து பிரித்து அடைக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு அதில் ஏறியது. ஏற்கெனவே படுக்கைக்கு அடியில் பேட்டரி வைத்துக் கட்டிக்கொண்டிருந்த தயாரிப்பாளர்கள் வரைபடத்தை மாற்றவேண்டி வந்தது. நாளொன்றுக்கு முப்பது ஆம்பியர்-மணி கேட்கும் பெட்டி ஒன்றுக்காக அப்படியொரு விதியை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.